கலந்தோமா, கலக்கப்பட்டோமா: ஈசூனிலிருந்து ஒரு பதில்

திருச்சியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஈசூன் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறோம். ஏழு வயதில் மகள் இருக்கிறாள். அங்கே எல்லா இனத்தவரும் கலந்து வாழ்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா? இல்லை, வெளியாருக்குக் காட்டும் படம்தானா?"

கலந்துதான் வாழ்கிறோம். நான் குடியிருக்கும் மாடியில் எட்டு வீடுகள். எனக்கு இடப்பக்கம் மலாய்க் குடும்பம். வலப்பக்கம், வீட்டுக்குள் தியோச்சியூ என்ற சீன வட்டாரமொழி பேசிக்கொள்ளும் ஒரு சீனப் பாட்டியின் குடும்பம். அவர்களுக்கு அடுத்து, தாதியாக (நர்ஸாக) வேலை பார்க்கும் மலையாளிப் பெண்ணும் அவர் கணவரும். மின்தூக்கியை ஒட்டிய வீட்டில் பிலிப்பினோ வாடகைக்காரர்கள். மாலை ஆறு மணிக்கு நடைபாதையில் நின்றால் சம்பல் வதங்கும் வாசமும் ஊதுவத்திப் புகையும் என் வீட்டுத் தாளிப்பும் சேர்ந்தே வரும். ஆனால் இந்தக் கலப்பு தானாக விளைந்ததில்லை. புளோக் புளோக்காக, அதாவது அடுக்குமாடிக் கட்டடம் கட்டடமாகக் கணக்குப் போட்டு உண்டாக்கியது. அந்தக் கணக்கைச் சொல்லாமல் இந்த ஊரைச் சொல்ல முடியாது.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாக 40 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9, மற்றவர் 3.2. இவர்களில் ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். வீவக வீடு என்று சுருக்கமாகச் சொல்வோம். நீங்கள் பார்க்கப்போகும் வீடும் அநேகமாக அதுதான்.

1964இல் ஜூலையிலும் செப்டம்பரிலும் இங்கே சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே கலவரம் மூண்டது. 36 பேர் இறந்தார்கள். அந்த நினைவை இந்த அரசாங்கம் ஒரு நாளும் கைவிட்டதில்லை. கம்பம் என்று நாங்கள் சொல்லும் பழைய கிராமங்களிலிருந்து மக்களைப் பெயர்த்துப் புது நகர்களில் குடியமர்த்தியபோது எல்லா இனங்களும் கலந்துதான் வைக்கப்பட்டன. ஆனால் வீடுகளை விற்கவும் வாங்கவும் தொடங்கியதும், அவரவர் தங்கள் ஆட்கள் இருக்கும் பக்கம் போகத் தொடங்கினார்கள். பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்கள், ஹவ்காங்கில் சீனர்கள். 1989இல் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். அந்த ஆண்டு மார்ச் 1 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25 விழுக்காடு, அதற்கு மேல் போகக் கூடாது. சுற்றியுள்ள அக்கம்பக்கத்துக்கு வரம்பு இன்னும் சற்றுக் குறைவு: 84, 22. இந்தியரும் மற்றவரும் சேர்ந்த பிரிவுக்கு 2010இல் வரம்பை உயர்த்தினார்கள். இப்போது புளோக்கில் 15, அக்கம்பக்கத்தில் 12.

ஒரு புளோக்கில் இந்தியர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே இருக்கும் சீனர் தன் வீட்டை ஓர் இந்தியருக்கு விற்க முடியாது. இந்தியர் இந்தியருக்கு விற்கலாம், எண்ணிக்கை மாறாது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இருக்கும் தமிழரின் நிலைமைதான் கடினம். வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அவர்களுக்கு விற்க முடியாது. மிஞ்சிய சிலருக்காகக் காத்திருக்க வேண்டும், விலையையும் இறக்க வேண்டும். இந்தச் சுமை சிறுபான்மையினர் தலையில்தான் அதிகம் விழுகிறது. அரசாங்கமே அதை ஒப்புக்கொண்டு, நெடுநாள் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் அறிவித்தது.

இத்தனைக்குப் பிறகும் இந்த வரம்பு வேண்டும் என்பதே என் கருத்து. வாடகைச் சந்தையில் இப்படிப்பட்ட இன ஒதுக்கீடு இல்லை; அங்கே மனிதர்கள் தங்கள் விருப்பப்படி என்ன செய்கிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சேர்க்க வேண்டும். 1822இல், இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராபிள்ஸ் காலத்தில் போட்ட நகரத் திட்டம் இதற்கு நேர்மாறாக இருந்தது. சீனருக்கு ஒரு பகுதி, மலாய்க்காரருக்கும் அரபியருக்கும் கம்போங் கிளாம், நம்மவர்களுக்குச் சூலியா கம்பம், ஐரோப்பியருக்குத் தனி நகர் என்று கோடு கிழித்துப் பிரித்திருந்தார்கள். அப்படிப் பிரித்த காலத்திலும் சாமிகள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. சவுத் பிரிட்ஜ் சாலையில் தமிழ் முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசலையும் நம் மாரியம்மன் கோயிலையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். இரண்டும் 1820களில் தொடங்கியவை. வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் யின் என்ற கருணைத் தெய்வத்தின் கோயிலுக்கு வரும் சீனப் பக்தர்கள் அப்படியே பக்கத்துக் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்காகவே அங்கே ஊதுவத்திச் சட்டி வைத்திருக்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கும் இடங்கள் இவை. ஒருமுறை போய்ப் பாருங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் ஈசூனில்தான் இருக்கிறது.

ஈசூன் என்ற பெயரே லிம் நீ சூன் என்ற சீன வணிகருடையது. ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டவர். அவர் பெயரை மாண்டரின் உச்சரிப்பில் எழுதியதுதான் ஈசூன். பக்கத்துச் சோங் பாங் அவர் மகன் பெயர். அடுத்த எம்ஆர்டி ரயில் நிலையம் காத்திப், அது மலாய். வடக்கே கேன்பரா, பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் சாலைப் பெயரிலிருந்து வந்தது. அதற்கும் அப்பால் செம்பவாங், அது ஒரு மரத்தின் பெயர்.

அந்தக் கடற்படைத் தளம்தான் எங்கள் குடும்பத்தை இங்கே கொண்டுவந்தது. அப்பா கப்பல்துறையில் சாயம் பூசும் வேலை பார்த்தார். தளத்தைச் சுற்றித் தமிழர், மலையாளி, தெலுங்கர் எல்லாரும் நெருங்கிக் குடியிருந்தார்கள். கேன்பரா சாலையோரம் ஒரு மரத்தடியில் 1960களில் முருகன் வழிபாடு தொடங்கியது. அதுதான் இன்று ஈசூன் தொழிற்பேட்டைக்குள் இருக்கும் புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயம். பங்குனி உத்திரத்துக்கு இந்த வட்டாரத் தமிழர்கள் அத்தனை பேரையும் அங்கே பார்க்கலாம். 1968இல் கப்பல்துறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. 1971 முடிவதற்குள் பிரிட்டிஷ் படையின் பெரும்பகுதி கிளம்பிவிட்டது. குடியிருப்புகள் காலியாகின. நாங்கள் 1980களில் இந்த அடுக்குமாடிக்கு வந்தோம்.

தஞ்சோங் பகாரிலும் இதே கதைதான். துறைமுகத்தை நம்பிக் கடையநல்லூர் முஸ்லிம்கள் அங்கே நெருங்கி வாழ்ந்தார்கள். 1946இல் உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவினார்கள். மக்கள் வெவ்வேறு நகர்களுக்குப் பிரிந்து போனார்கள். ஆங்கிலப் பள்ளியே போதும் என்ற எண்ணமும் பரவியது. 1982இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. இந்நாட்டின் கடைசித் தமிழ்ப் பள்ளி அது. கலப்புக்கு நாங்கள் கொடுத்த விலையில் இதையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். தெருவில் இறங்கினால் காதில் தமிழ் விழும் இடம் என்று லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவைத் தவிர இப்போது எதுவும் இல்லை. 2020 கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு மட்டுமே. என் பேரன் என்னோடு தமிழில் தொடங்கி இரண்டாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறான்.

மொழி விஷயத்தில் இன்னொன்றும் என் மனத்தில் நெடுநாளாக இருக்கிறது. அப்பாவுக்குச் சீனம் தெரியாது. சோங் பாங் கோப்பிக்கடைச் சீனருக்கு ஆங்கிலம் தெரியாது. இருவரும் பாசார் மலாயில் பேசுவார்கள். சந்தையில் புழங்கும் உடைந்த மலாய். "சுடா மாக்கான்?" என்று அவர் கேட்பார். நாம் "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்பதுபோலத்தான், சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். அந்த மலாயில் நம் சொற்களும் இருந்தன: கடை அங்கே கெடாய், கப்பல் அங்கே காப்பால், முதல் அங்கே மோடால். யாருக்கும் அது முழுதாகத் தெரியாது என்பதால் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. இப்போது ஆங்கிலம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் சரளமாகப் பேசிக்கொள்கிறார்கள்; நல்லதுதான். ஆனால் என் வலப்பக்கத்துச் சீனப் பாட்டியும் இடப்பக்கத்து மக்சிக்கும் (மலாய் அம்மாளை அப்படித்தான் அழைப்போம்) பாசார் மலாயில் பேசிச் சிரிப்பதைக் கேட்கும்போது, இந்த இருவரோடு இந்த மாடியில் அது முடிந்துவிடும் என்ற எண்ணம் எனக்கு வராமல் இருப்பதில்லை.

சரி, பக்கத்தில் இருப்பது வேறு, பழகுவது வேறு என்பீர்கள். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அப்பா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காலமானார். இங்கே புளோக்கின் கீழ்த்தளம் சுவரில்லாமல் வெறும் தூண்களோடு திறந்து கிடக்கும். கல்யாணமும் அங்கேதான், சாவும் அங்கேதான். அப்பாவை அங்கே கிடத்தி, மறுநாள் மண்டாய் தகனக்கூடத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. மாலை ஏழு மணிக்கு வலப்பக்கத்துப் பாட்டியின் கணவரான சீனப் பெரியவர் வெள்ளைச் சட்டையில் வந்தார். கை குவித்து மூன்று முறை குனிந்துவிட்டு, என் கையில் ஒரு வெள்ளை உறையைக் கொடுத்தார். உள்ளே 51 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். நம் வழக்கம் தெரியாமல் பணம் கொடுக்கிறார் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் என் கையை மூடிவிட்டு, "இது உன் அப்பாவுக்கு, உனக்கு இல்லை" என்றார். துக்க வீட்டுக்கு ஒற்றைப்படையில் கொடுக்க வேண்டும், அது செலவைப் பகிர்ந்துகொள்ளும் முறை என்பதை மலையாளிப் பெண் அப்புறம் எனக்கு விளக்கினாள். இருபது ஆண்டு பக்கத்து வீட்டில் இருந்தும் அதுவரை எனக்கு அது தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அடுத்த புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணம். அவர்கள் பல மாதங்களுக்கு முன்பே அனுமதி வாங்கியிருந்தார்கள். பதினோரு மணிக்கு மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பியது. கொம்பாங் என்ற கைப்பறையை இருபது இளைஞர்கள் சேர்ந்து அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு நெஞ்சு அதிரும். அது நெருங்கி வந்துகொண்டே இருந்தது. எங்கள் வாகனம் நிற்கும் முனைக்கு வந்ததும் சட்டென்று நின்றது. பறைகளை விலாவோடு அணைத்தபடி மாப்பிள்ளையும் கூட்டமும் பேசாமல் எங்களைக் கடந்தார்கள். அந்தப் புளோக்கின் திருப்பத்துக்கு அப்பால் போனபிறகுதான் திரும்பவும் அடித்தார்கள். யாரும் அவர்களிடம் போய்க் கேட்கவில்லை. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து அந்தச் சீனப் பெரியவர் போனார். 51 வெள்ளியை வெள்ளை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கிளம்பும்போது அவர் மகள் ஒரு சிவப்பு நூலையும் ஒரு மிட்டாயையும் கொடுத்தாள். துக்கத்தின் சாயல் நம்மோடு வராமல் இருக்க அந்த நூல். அதை விரலில் சுற்றிக்கொண்டு மேலே வந்தேன்.

ஆகவே படம் அல்ல, தங்கையே. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி என்று நினைத்து வந்துவிடாதீர்கள்.

முதலில் வாடகை. வெளிநாட்டவருக்கு முழு வீவக வீட்டையும் வாடகைக்கு விடத் தனி வரம்பு உண்டு: அக்கம்பக்கத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11. மலேசியர்களுக்கு அது பொருந்தாது. அதனால் நீங்கள் பார்க்கும் புளோக்கில் இடம் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். இதைவிடப் பெரிய தடை வீட்டுக்காரர்களின் மனம். என் அக்காள் மகனுக்கு வீடு தேடியபோது ஒரு தரகர் அவன் பெயரைக் கேட்டதும் "சமைப்பீர்களா?" என்றார். ஆமாம் என்றான். வீடு போய்விட்டது என்றார். அந்த விளம்பரம் அதற்குப் பிறகும் இரண்டு வாரம் அப்படியே இருந்தது. இந்தியருக்கு இல்லை என்று பச்சையாகவே எழுதிய விளம்பரங்களையும் பார்த்திருக்கிறேன். மனம் நொந்துபோகும், ஆனாலும் தேடுங்கள். எல்லாரும் அப்படி இல்லை. 2011இல், சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்து இந்தியர் வீட்டுக் குழம்பு வாசனையைப் பற்றிப் புகார் செய்த செய்தி வெளியானது. ஆகஸ்ட் 21 அன்று ஒரு சட்டி குழம்பு வைப்போம் என்று ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள். உள்ளூர்ச் சீனர்களே அதில் ஏராளம். குழம்பு எங்கள் எல்லாருடைய சாப்பாடும்தான் என்று அவர்கள் சொன்னதை நான் மறக்கவில்லை.

அடுத்து பள்ளி. உள்ளூர்ப் பள்ளியில் இடம் கிடைத்தால், மகள் வகுப்பில் எல்லா இனப் பிள்ளைகளோடும் உட்காருவாள். தாய்மொழிப் பாடவேளை வந்தால் மட்டும் தமிழ், மலாய், சீனம் என்று பிரிந்து வேறு வேறு அறைகளுக்குப் போவார்கள். தமிழ் இங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் அவள் அதையே தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். ஆனால் 1979இல் தொடங்கிய சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள் என்று சில இருக்கின்றன. சீன மொழியை உயர்ந்த தரத்தில் கற்பிப்பவை. அங்கே படிக்கும் சீனப் பிள்ளை ஒரு மலாய்ப் பிள்ளையோ தமிழ்ப் பிள்ளையோ பக்கத்தில் இல்லாமலே பள்ளியை முடித்துவிட முடியும். புளோக்குக்கு ஒரு நியாயமும் பள்ளிக்கு ஒரு நியாயமும் இருப்பது எனக்கு உடன்பாடில்லை.

"இந்தியர்" என்ற ஒற்றைச் சொல்லையும் நம்பாதீர்கள். அதற்குள் தமிழர் பாதிக்குச் சற்று அதிகம். மற்றவர்கள் மலையாளிகள், பஞ்சாபியர், குஜராத்தியர், சிந்திகள் எனப் பலர். தலைமுறைகளாக இங்கே இருக்கும் நாங்களும் இப்போது வரும் நீங்களும் ஒரே பெட்டிக்குள்தான் வருகிறோம். ஆனால் நம்மிடையே சில நேரம் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே இருப்பதைவிடத் தூரம் அதிகம். வேலைக்கு வரும் படித்தவர்கள் எங்களிடம் பழகுவதில்லை என்று எங்களுக்குக் குறை. உள்ளூர்த் தமிழர்கள் எங்களை ஒட்டவிடுவதில்லை என்று அவர்களுக்குக் குறை. இரண்டும் உண்மை.

எனக்கு மிகவும் வலிப்பது கடைசியாக. மேலே சொன்ன விழுக்காடுகள் எல்லாம் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணியவை. அதே 2020இல் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 57 லட்சம். மிச்சமிருக்கும் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் எங்கள் புளோக்குகளைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். புதுக்கோட்டையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். 3 லட்சத்துக்கும் அதிகமானோர் விடுதிகளில், பெரும்பாலும் ஊரோரமாக, ஓர் அறையில் பலராக இருந்தார்கள். 2020இல் கோவிட் கிருமித்தொற்று வந்தபோது நாட்டின் தொற்றில் பெரும்பங்கு அவர்களைத்தான் தாக்கியது. அதன்பின் அவர்களுடைய வெளி நடமாட்டம் எங்களைவிட நெடுநாள் கட்டுப்படுத்தப்பட்டது. அவர்கள் பேசுவது என் அப்பா பேசிய தமிழ். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பவர்களைத் தாண்டித்தான் நாங்கள் பூ வாங்கப் போகிறோம். எந்தப் புளோக்கின் கணக்கிலும் அவர்கள் இல்லை. வசிப்போர் குழுவில் தீபாவளி விருந்துக்குப் பக்கத்து விடுதியிலிருந்து நாற்பது பேரை அழைக்க வேண்டும் என்று மூன்று ஆண்டுகள் கேட்டேன். மூன்றாம் ஆண்டு அழைத்தோம். முதலில் கை தூக்கி ஆதரித்தவர் என் இடப்பக்கத்து மக்சிக்.

நீங்கள் வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரமே ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் முட்டையில்லாத கேக் ஒன்று வாங்குங்கள். மலாய் வீட்டில் தயங்காமல் சாப்பிடுவார்கள். குவான் யின் பக்தர்கள் பலர் நம்மைப் போலவே மாட்டிறைச்சி தொடமாட்டார்கள்; சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் மட்டும்தான். அன்றைக்கே போனாலும் இது ஒத்துவரும். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கேக்கை அவள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். கோலம் போடுவதாக இருந்தால் வழி விட்டு, வாசலை ஒட்டிப் போடுங்கள். சக்கர நாற்காலிகள் போகும் நடைபாதை அது. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், இறந்தவர்களுக்காகக் கீழே தகரத் தொட்டியில் காகிதம் எரிப்பார்கள். அதன் சாம்பல் மாடிவரை பறந்து வரும். அந்த மாதம் மட்டும் துணிகளை உள்ளே காயப்போடுங்கள்.